சகலைகள் கேட்ட ஏலம்

என் கணவரை யாராலும் ஏமாற்ற முடியாது. இதை அவரே சொல்லியிருக்கிறார், பல முறை, கேட்காதவர்களிடமும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. நூறு பேர் உட்கார்ந்திருந்தால் நமக்கு அது பயணிகள் கூட்டம். அவருக்கு அது இன்னும் பிடிபடாத கூட்டம். வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவார், அந்தப் பார்வையைக் கழற்ற மாட்டார். பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் உஷார். அவர் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த உஷார் பிறவியிலேயே வந்ததல்ல, சூடு பட்டு வந்தது. பழைய மின்சாதனங்களை ஏலம் விடும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவன் "பழைய ரேடியோ பெட்டி, நல்ல நிலையில்" என்று போட்டிருந்தான். படத்தில் ஓர் அட்டைப்பெட்டி, அதன் மேல் அச்சடித்த ரேடியோ. ரேடியோ உள்ளே இருக்கிறது என்று இவராகவே முடிவு செய்துகொண்டு, நான்கு பேரை முந்தி ஏலம் கேட்டு வாங்கினார். பார்சல் வந்தது. பெட்டி இருந்தது. நல்ல நிலையில்தான் இருந்தது. உள்ளே காற்று.

போன் செய்து கத்தினார். "பெட்டின்னுதானே சார் போட்டிருக்கேன்? ரேடியோன்னா போட்டேன்?" என்று அவன் நிதானமாகக் கேட்டானாம். யோசித்துப் பார்த்தால் அவன் பொய் சொல்லவே இல்லை. தமிழும் இவர் அவசரமும் சேர்ந்துதான் இவரை ஏமாற்றின. அன்றிலிருந்து மோசடிகள் பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தார். பார்த்ததைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான் இருந்தேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, "பணம் வரணும்னா யாரும் லிங்க் அனுப்ப மாட்டாங்க. ரகசிய எண்ண பெத்த தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது. பார்சல பிரிக்கும்போது வீடியோ எடுக்கணும்" என்று எனக்கு வகுப்பு நடந்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பல மாடி ஜவுளிக்கடை ஒன்றில் அறிவிப்பாளராக இருந்தேன். "நீலச் சட்டை போட்ட குழந்தை மூன்றாவது மாடியில் காத்திருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று நான் சொன்னால், பெற்றோர் அல்லாதவர்களும் ஓடி வருவார்கள். உன் குரலில் அவ்வளவு கனிவு அம்மா என்று முதலாளி மெச்சினார். மெச்சிய கையோடு எல்லா நிறங்களையும், எல்லா மாடிகளையும், தொலைந்துபோகக்கூடிய எல்லாப் பொருள்களையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். இப்போது கணினி அதை வெட்டி ஒட்டிப் பேசுகிறது. கடையில் இன்றைக்கும் குழந்தைகளைக் கூப்பிடுவது நான்தான். சம்பளம் வாங்குவதுதான் நான் இல்லை. அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்கு வயிறு எரியும். குரலைத் தவிர எனக்கென்று வேறு சொத்து கிடையாது.

அதனால்தான், புத்தகங்களை ஒலிவடிவில் வெளியிடும் ஒரு நிறுவனம் வாசிக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு உயிர் வந்தது. வீட்டிலிருந்தே வாசிக்கலாம். ஆனால் நல்ல மைக் சொந்தமாக வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஒரு மாதிரிப் பதிவு அனுப்ப வேண்டும். புது மைக்கின் விலையைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. அதே ஏலத்தளத்தில் ஒரு மேடைப் பாடகர் தன் பழைய மைக்கை விற்பனைக்கு விட்டிருந்தார்.

நானும் சும்மா குதிக்கவில்லை. அவருக்கு வந்த பாராட்டுகளை ஒதுக்கிவிட்டுத் திட்டுகளை மட்டும் தேடிப் படித்தேன். "பார்சல் தாமதம்" என்பதுதான் இருந்ததிலேயே பெரிய திட்டு. மைக்கின் அடியில் இருந்த கீறலை அவரே கிட்டத்தில் படம் பிடித்துப் போட்டிருந்தார். அந்த மைக்கிலேயே இன்றைய தேதியைச் சொல்லிப் பதிவு அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினார். அடுத்த தெரு நாய் குரைத்தது வரை துல்லியமாகக் கேட்டது. நேரில் வந்து சோதித்து எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் தளத்தின் வழியாகவே கட்டுங்கள் என்றார். ஏலத்தில் என் விலைதான் மேலே நின்றது. ஞாயிறு மதியம் முடிகிறது. கட்ட வேண்டிய பணத்துக்கு வழி அலமாரியின் மேலே தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

அது இவர் வாங்கிய புரொஜெக்டர். கால்பந்துப் போட்டி நடந்த சமயம் ஊரே பெரிய டிவி வாங்க, இவர் "நமக்குச் சுவரே டிவி" என்று அதைத் தூக்கி வந்தார். சுவர்க் கடிகாரத்தின் ஆணியைப் பிடுங்கினால் பூச்சு உதிரும் என்பதால் கடிகாரத்தோடேயே பார்த்தோம். பந்து போய்ப் போய்க் கடிகாரத்தில் ஒளிந்துகொள்ளும். அந்தப் போட்டியோடு புரொஜெக்டர் மேலே ஏறியது, இறங்கவில்லை.

"வித்துடலாம்ங்க" என்றேன்.

"விக்கலாம். ஆனா விக்கிறதுலதான் நிறைய மோசடி. வாங்கறவன் வேலை செய்யலன்னு சொல்லி, நல்லத எடுத்துக்கிட்டு உடைஞ்சத திருப்பி அனுப்புவான். நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். முதலில், கணக்கு யார் பெயரில் என்பது. "என் பேர் வேண்டாம். டிக்கெட் இல்லாம மாட்டினவன் எல்லாம் என் மேல காண்டுல இருப்பான். உன் பேர்ல இருக்கற கணக்குலயே போடுவோம். உன்ன யாருக்குத் தெரியும்?" என்றார். வாஸ்தவம்தான். ஊருக்கே என் குரலைத் தெரியும், என்னை யாருக்கும் தெரியாது. மைக்குக்கு விலை கேட்டிருந்த அதே கணக்கில் புரொஜெக்டரும் ஏறியது.

அடுத்தது படம். கடத்தப்பட்ட ஆளைப் போலப் புரொஜெக்டரை அன்றைய செய்தித்தாளோடு உட்கார வைத்தார். வரிசை எண்ணை யாராவது திருடிவிடுவார்கள் என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். படத்தையே திருடிவிடுவார்கள் என்று ஒரு துண்டால் போர்த்தினார். கடைசியில் படத்தில் தெளிவாகத் தெரிந்தது தலைப்புச் செய்தி மட்டும். கீழே அவர் எழுதியது இது: "நன்றாக வேலை செய்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். நேரில் வந்து சோதித்துக்கொள்ளவும். முகவரி தரப்பட மாட்டாது."

அவர் வேலைக்குப் போன பிறகு நான் துண்டை எடுத்துவிட்டுப் புரொஜெக்டரை ஓட விட்டு, சுவரில் படம் விழுவதையும், வாங்கிய ரசீதையும், மூடியில் இருந்த சின்ன விரிசலையும் எடுத்துப் போட்டேன். அன்றைக்கே ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு பெண்மணி. பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டு, தான் அங்கே புவியியல் ஆசிரியை என்றும், கரும்பலகையில் எரிமலை வரைந்து வரைந்து கை ஓய்ந்துவிட்டது என்றும், பகல் வெளிச்சத்தில் வகுப்பறைச் சுவரில் படம் தெரியுமா என்றும் கேட்டிருந்தார். திரைச்சீலை இருந்தால் தெரியும் என்று பதில் போட்டேன். நியாயமான ஒரு விலைக்கு ஏலமும் கேட்டார். அதுவே எனக்குப் போதும், மைக் வந்துவிடும்.

சாயங்காலம் இவர் அதைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் இறுகியது.

"இது கும்பல்."

"டீச்சருங்க."

"அதான் சொல்றேன். நல்லா பாரு. ஒரு சந்திப்பிழை இல்ல. க், ச், த், ப் எல்லாம் அதது இடத்துல நிக்குது. எந்த மனுஷன் இப்படி எழுதுவான்? உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கானுங்க. எரிமலையாம்!"

வாத்தியார் பிழையில்லாமல் எழுதினால் குற்றம் என்று தீர்ப்பு ஆயிற்று. இந்தக் கும்பலிடமிருந்து புரொஜெக்டரைக் காப்பாற்ற அவர் ஒரு திட்டமும் வைத்திருந்தார்.

"வேலி போடணும். நம்ம ஆளுங்க ரெண்டு பேர ஏலத்துல நிறுத்துவோம். ஆளுக்கு ஒரே ஒரு தடவ விலை கேப்பாங்க. கூட்டத்தப் பாத்தா திருட்டுப்பய கிட்ட வரமாட்டான். நெஜமா வாங்கறவன் மட்டும் வருவான்."

"நம்ம ஆளயே ஏலத்துல நிறுத்தி விலைய ஏத்தறதுக்குப் பேருதான் மோசடிங்க. தளத்துலயே போட்டிருக்கு."

"விலைய ஏத்தினாத்தான் மோசடி. நாம ஏத்தல. காவலுக்கு நிக்கறோம்."

காவலுக்கு அவர் பிடித்த ஆட்கள் யார் தெரியுமா? அவருடைய இரண்டு சகலைகள். என் அக்காவைக் கட்டிய அத்தான் மருந்துக்கடை வைத்திருக்கிறார். என் தங்கையைக் கட்டியவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளில் யார் பெரியவர் என்ற வழக்கு, தங்கையின் கல்யாணத்தன்று பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று ஆரம்பித்தது. இன்னும் தீரவில்லை. அத்தான் ஒற்றைக் கதவு குளிர்பதனப்பெட்டி வாங்கினால் சின்னவர் இரட்டைக் கதவு வாங்குவார். அத்தான் உடனே தன்னுடையது பழுது என்று சொல்லி அதைவிடப் பெரியதாக வாங்குவார். இந்த இருவரையும் ஒரே ஏலத்தில், எதிரெதிராக நிறுத்துவது என்று என் கணவர் முடிவு செய்தார். ஊசி போகும் இடம் பார்ப்பார், உலக்கை போகும் இடம் பார்க்க மாட்டார்.

போதாக்குறைக்கு இன்னொரு முன்னெச்சரிக்கை. "வெளில இருக்கற நெட் எதுலயும் ஏலம் கேக்காதீங்க. எல்லாத்துலயும் எவனாவது ஒட்டுக் கேப்பான். சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடுங்க. எங்க வைஃபை பாதுகாப்பானது" என்று இருவரையும் அழைத்தார். ஒரே இணைப்பிலிருந்து கேட்டால் மாட்டுவோம் என்று எனக்கு அப்போதே பட்டது. சொன்னேன். "உனக்கு டெக்னிக்கல் விஷயம் புரியாது" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அத்தான் சோபாவின் இந்தக் கோடி, சின்னவர் அந்தக் கோடி. நடுவில் என் கணவர் இருவர் காதிலும் தனித்தனியாக வைஃபை கடவுச்சொல்லை ஓதினார். அதில் எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து ஒரு முழம் இருக்கும். சின்னவர் மூன்று முறை தப்பாக அடித்து, கடைசியில் சத்தமாகவே கேட்டார், இவர் சத்தமாகவே சொன்னார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் டீ போடப் போனேன். டீச்சர் கேட்டிருந்த விலையே மேலே நின்றது. ஏலம் முடிய அரை மணி நேரம் இருந்தது.

அத்தான் ஒரு முறை கேட்டார், டீச்சரைவிடக் கொஞ்சம் மேலே. சின்னவர் ஒரு முறை கேட்டார், அத்தானைவிடக் கொஞ்சம் மேலே. டீச்சர் அதற்கும் மேலே கேட்டார். அத்தோடு வேலியின் வேலை முடிந்தது. இருவரும் போனை உள்ளே வைத்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

"என்ன தம்பி, அதோட நிறுத்திட்டீங்க?" என்றார் அத்தான், சின்னவரைப் பார்த்து. "போதும்னு தோணிடுச்சோ?"

"ஒரு தடவதானே கேக்கச் சொன்னாங்க. நீங்க நிறுத்தினீங்க, நானும் நிறுத்தினேன்."

"நான் நிறுத்தினேன்னு யாரு சொன்னா?" அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைத் தட்டினார்.

சின்னவர் தட்டினார். அத்தான் தட்டினார். என் கணவர் இருவருக்கும் நடுவில் "அண்ணே, போதும்ணே. சகலை, நீயாவது விடுப்பா" என்று லாரி கிளீனர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

"உங்க வீட்ல இத எங்கண்ணே வெப்பீங்க? எல்லாச் சுவத்துலயும் மருந்து அலமாரிதானே?"

"நான் கூரையில போட்டுப் படுத்துக்கிட்டுப் பாப்பேன் தம்பி. உனக்கு ஏன் கவலை? நீ வண்டிக் கண்ணாடியில போட்டுப் பாரு."

டீச்சர் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பாவம், எரிமலைக்காக இன்னும் கொஞ்சம் ஏறி வந்தார். பிறகு காணாமல் போனார். புது புரொஜெக்டர் வாங்கும் விலையை இவர்கள் எப்போதோ தாண்டியிருந்தார்கள். எனக்கு டீயை யார் தலையில் கொட்டுவது என்றுதான் குழப்பம். ஏலம் முடிந்தபோது சின்னவர் எழுந்து நின்று கையைத் தட்டினார்.

"ஜெயிச்சுட்டேன்!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தார். "அக்கா, இப்ப இத நெஜமாவே நான் வாங்கணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் போனில் மின்னஞ்சல் மணி அடித்தது. தளத்திலிருந்து வந்திருந்தது. விற்பவரும், விலை கேட்ட இருவரும் ஒரே வீட்டு இணைய இணைப்பில் இருந்திருக்கிறார்கள், இது போலி ஏலம், கணக்கு முடக்கப்படுகிறது, இந்தக் கணக்கின் பெயரில் வேறு பொருள்களுக்குக் கேட்ட விலைகளும் ரத்தாகும், விளக்கம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கீழே உள்ள பொத்தானை அழுத்திச் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

"ஏங்க, மைக் போச்சுங்க" என்று போனை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா அண்ணே? வந்துட்டானுங்க. 'கணக்கு முடங்கும், ஒரு மணி நேரத்துக்குள்ள பொத்தானை அழுத்து.' அவசரப்படுத்தறான், பயமுறுத்தறான், அழுத்தச் சொல்றான். மூணும் ஒண்ணா வந்தா அது மோசடி. இது பாலபாடம்." சொல்லிக்கொண்டே அந்த மின்னஞ்சலை அழித்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். "இனி ஒண்ணும் பண்ண முடியாது அவனால."

அத்தான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். சின்னவர், வாங்க வேண்டியதில்லை என்று தெரிந்த நிம்மதியில் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் உள்ளே போய், மின்னஞ்சலைத் தொடாமல், தளத்தின் முகவரியை நானே அடித்து உள்ளே நுழையப் பார்த்தேன். நுழைய முடியவில்லை. சிவப்பு எழுத்தில் என் பெயரும் பக்கத்தில் "போலி ஏலத்துக்காக முடக்கப்பட்ட விற்பனையாளர்" என்றும் இருந்தது. தளத்தின் உதவி எண்ணுக்கு அடித்தேன். வார விடுமுறை என்று பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் கனிவாகச் சொன்னது. அவளுக்கும் வேலை போயிருக்கும்.

என் வாழ்நாளில் பரீட்சையில் ஒரு துண்டுச் சீட்டைக்கூடப் பார்த்து எழுதியதில்லை. என்னை மோசடிக்காரி என்று ஊர் பார்க்க எழுதி வைத்துவிட்டார்கள். எழுத வைத்தவர் கூடத்தில் உட்கார்ந்து, உஷாராக இருப்பது எப்படி என்று சகலைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஞாயிறு மதியம் அந்த மைக் வேறு யாருக்கோ போயிற்று. அவரிடம் சிவப்பு எழுத்தைக் காட்டினேன். "தளமே கும்பலோட கூட்டு போல இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை கடைசி முயற்சியாக டீச்சரின் பள்ளிக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்ட விலைக்கே புரொஜெக்டரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு நேராகப் பழைய மைக் விற்கும் கடைக்குப் போய்விடலாம் என்று கணக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. குரலக் கேட்டா நல்லவங்க மாதிரிதான் இருக்கு. ஆனா முடக்கின கணக்கு. தளத்துக்கு வெளியில வியாபாரம் பேசறீங்க. அவசரம்னு வேற சொல்றீங்க. இந்த மூணும் சேர்ந்தா ஒதுங்கிடணும்னுதான் நான் பிள்ளைங்களுக்கே சொல்லித் தரேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பக்கத்தில் நின்று காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவரின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, எவ்வளவு உஷாரான பொம்பள! இவங்களப் போய் நான் சந்தேகப்பட்டேனே" என்றார்.

அன்று அவருக்கு வார விடுமுறை. மத்தியானம் படுக்கையறைக் கதவைத் தாழிட்டேன். அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் தலையை விட்டு, போர்வையை மேலே போர்த்திக்கொண்டு, போனிலேயே பதிவு செய்தேன். நிறுவனத்தார் வாசிக்கக் கொடுத்திருந்தது கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் கதை. நான் என்னவோ அந்தத் தாயாகவே ஆகிவிட்டேன். கடைசி வரியில் குரல் உடைந்தது, அதை உடைந்தபடியே விட்டேன்.

கூடத்தில் அவர் சின்னவரோடு போனில் மோசடிகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஓடும் ரயிலில் பெட்டியின் கோடி வரை கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை அது. ஒரு கதவும் ஒரு போர்வையும் அதற்கு எம்மாத்திரம்? மறுபடி எடுக்கலாமென்று நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் அவர் பேச்சு முடியவில்லை. இருந்ததில் சுமாரானதை அனுப்பிவிட்டு, இனி கடவுள் விட்ட வழி என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பதிவுகளுக்குப் பொறுப்பாளர் என்றார்.

"மேடம், உங்க வாசிப்பு பிரமாதம். அந்த அம்மா பேசற இடத்துல எங்க ஆளுங்க ரெண்டு பேர் கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. ஆனா போன்ல எடுத்திருக்கீங்க. மைக் இல்லாம இந்த வேலைக்கு எடுக்க முடியாதுங்க. மன்னிச்சுக்கணும்."

"புரியுது சார்."

"இன்னொரு விஷயம். பின்னால ஒருத்தர் பேசிக்கிட்டே இருக்காரே, யாருங்க அது? ஒரு வங்கிக்காக ஆன்லைன் மோசடி பத்தி விழிப்புணர்வுத் தொடர் பண்றோம். எழுதி வெச்சு வாசிக்கற மாதிரி இல்லாம, வீட்டுல பேசற மாதிரிப் பேசற ஆளத் தேடிக்கிட்டு இருக்கோம். எங்க ஸ்டூடியோவுக்கு வந்தாப் போதும், மைக் எல்லாம் எங்களோடது. அவர் நம்பர் குடுக்க முடியுமா?"

அலமாரிக்குள் தலையை விட்டு அழுது வாசித்தவள் நான். வெளியே நின்று கத்தியவருக்கு வேலை. என் பெயரைக் கெடுத்தார், என் மைக்கைக் கெடுத்தார், என் பதிவைக் கெடுத்தார். இப்போது கெடுத்த சத்தத்துக்குச் சம்பளமும் வரப்போகிறது. சமையலறையில் அவர் பால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது டிவி சார்" என்றேன்.

"டிவியா? 'சகலை, நீ வாய மூடிக்கிட்டு நான் சொல்றதக் கேளு'ன்னு சொல்லுதே?"

"ஆமா சார். எங்க வீட்டு டிவி அப்படித்தான். அணைக்கவே முடியாது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கல்யாணமான மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

"அது பேசறது பூராவும் எனக்கு மனப்பாடம் சார்" என்றேன். "சாப்பிடும்போது, தூங்கும்போது, வருஷக்கணக்கா கேக்கறேன். ஏமாத்தறவன் எப்படி ஏமாத்துவான்னும் தெரியும், உஷாரானவன் எப்படி ஏமாறுவான்னும் தெரியும். ரெண்டாவது உங்க தொடர்ல இருக்காது. நானே வந்து பேசறேன்."

"இப்பக் கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். மாடி மாடியாக நீலச் சட்டைக் குழந்தைகளைக் கூப்பிட்ட அதே குரலை எடுத்தேன்.

"வாங்குபவர்களும் விற்பவர்களும் கவனிக்கவும். முன்பின் தெரியாதவரிடம் பொருள் வாங்கும்போது பத்து முறை யோசியுங்கள். தெரிந்தவர் உதவிக்கு வந்தால் இருபது முறை யோசியுங்கள். அவசரமாக வரும் மின்னஞ்சலில் எதையும் அழுத்தாதீர்கள். அழிக்கவும் செய்யாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறவர்கள் திருடர்கள் அல்லர், பெரும்பாலும் ஆசிரியர்கள்."

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "மேடம், எங்க ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் வர முடியுமா? இது சரியா வந்தா அந்தக் கடல் கதையையும் இங்கயே வந்து வாசிச்சிடுங்க" என்றார்.

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. "யாரு போன்ல? வேலை தரேன்னு சொல்றானா? வெச்சுடு! இப்ப அதுதான் பெரிய மோசடி!"

"மேடம், டிவி மறுபடி பேசுது போல."

"அத விடுங்க சார்" என்றேன். "என்னைக்கு வரணும்?"